பொருளடக்கத்தைக் கையால் அடிக்கச் சொல்லாதீர்கள்: ஆய்வுப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகையில் ஆய்வேடுகளைப் பெற்றுச் சரிபார்க்கும் பல்கலைக்கழக, கல்லூரி ஆய்வுப் பிரிவு அலுவலர்களுக்கும், அவர்களுக்கு விதி வகுத்துத் தரும் குழுவினருக்கும்,

உங்களில் ஓர் அலுவலகம் இந்த ஆண்டு ஆய்வாளர்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டுத் தாளில் புதிதாக ஒரு விதி சேர்ந்திருக்கிறது. கணினியே உருவாக்கிய பொருளடக்கம் என்றால் ஆய்வேட்டை வாங்க மாட்டார்களாம். இயல் எண், தலைப்பு, பக்க எண் என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து தர வேண்டுமாம். வேறு சில அலுவலகங்கள் இதை எழுத்தில் போடாமல் வாய்வார்த்தையாகச் சொல்லித் திருப்பி அனுப்புகின்றன. அலுவலகங்களின் பெயரைச் சொல்ல நான் விரும்பவில்லை. சொன்னால் அதன் விளைவு என்மேல் விழாது. அங்கே கையெழுத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்மேல் விழும். ஆனால் இந்த விதியைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

தஞ்சாவூரில் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்து, தட்டச்சு இயந்திரத்தில் ஸ்டென்சில் வெட்டிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். வேதாரண்யம், முத்துப்பேட்டை, மன்னார்குடி, மயிலாடுதுறை என்று பல பக்கத்திலிருந்தும் ஆய்வு மாணவர்கள் பெட்டிபோல் பெருத்த பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறார்கள். நடவுப் பாட்டு, வாய்க்கால் பெயர்கள், கோயில் கல்வெட்டு, சம்பா நெல்லில் பூச்சித் தாக்குதல், கடலோரக் கிணறுகளில் உப்பேறுவது என்று அவர்கள் எழுதியதையெல்லாம் முதலில் முழுசாகப் படிப்பவர்களில் நானும் ஒருத்தி. நெறியாளர் படிக்காமல் விட்ட வரியைக்கூட நான் படித்திருப்பேன், தட்டச்சு செய்பவளாயிற்றே. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஆய்வேட்டில் கடைசி நேரத்தில் அதிகமாகப் பிழையாவது பொருளடக்கம்தான். அது பிழையாவதற்குக் காரணமே கையால் அடிப்பது.

எப்படி என்று சொல்கிறேன். ஆய்வேடு என்பது ஒரே மூச்சில் எழுதி முடிக்கிற பொருள் இல்லை. வரைவு வரும், நெறியாளர் சிவப்பு மையில் திருத்துவார், நடுவில் ஒரு படம் சேரும், ஒரு பத்தி போகும். இரண்டாம் இயலில் ஒரு வரைபடத்தைப் பெரிதாக்கினால் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பக்கமும் தள்ளிப் போகும். ஐந்து இயல், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து உட்தலைப்பு, அதற்குக் கீழே சிறு தலைப்பு, அப்புறம் அட்டவணைகளின் பட்டியல், படங்களின் பட்டியல், பின்னிணைப்புகள். ஒரு பத்தியைச் சேர்த்ததற்காக இத்தனை எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும். அந்த வேலை எப்போது நடக்கும் தெரியுமா? பைண்டிங் கடைக்காரர் நாளைக் காலைக்குள் கொடுத்தால்தான் எழுத்துப் பொறித்து அட்டை போட முடியும் என்று சொன்ன பிறகு, இரவு பத்து மணிக்குமேல், கண் எரிய எரிய நடக்கும். 87 என்று இருக்க வேண்டிய இடத்தில் 78 விழுவது அப்போதுதான்.

பக்க எண்ணோடு நின்றால்கூடப் பரவாயில்லை. உள்ளே தலைப்பை மாற்றியிருப்பார்கள். பொருளடக்கத்தில் பழைய தலைப்பே இருக்கும். உள்ளே "நடவுப் பாடல்களில் பெண் குரல்" என்று இருக்கும், முன்னே "நடவுப் பாடல்களில் பெண்கள்" என்று இருக்கும். புறத்தேர்வாளர் அறிக்கையில் இதை ஒரு குறையாக எழுதுவார். மாணவர் கவனக்குறைவானவர் என்று பதிவாகும். நான்கைந்து ஆண்டு ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார்களிடம் உட்கார்ந்து பாட்டைப் பதிவு செய்த பெண்ணுக்கு, கணினி ஒரு நொடியில் செய்து தரக்கூடிய காரியத்துக்காகக் கவனக்குறைவு என்று பெயர். இதை நான் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பெண் என் கடையில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

இந்தத் தொல்லை வராமல் இருக்கத்தான் சொற்செயலியிலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. வேர்டில் இயல் தலைப்புக்கு ஹெடிங் 1, உட்தலைப்புக்கு ஹெடிங் 2, சிறு தலைப்புக்கு ஹெடிங் 3 என்று பாணியை (ஸ்டைல்) கொடுத்துவிட்டால் போதும். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு 1, 2, 3 அழுத்தினாலே அந்தப் பாணி விழும். பிறகு ரெஃபரன்சஸ் பகுதிக்குப் போய் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் கொடுத்தால், எந்தத் தலைப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அதை அப்படியே எடுத்து வைக்கும். உள்ளே எதை மாற்றினாலும் எஃப்9 விசையை அழுத்தினால், பக்க எண்ணை மட்டும் புதுப்பிக்கவா, முழுப் பட்டியலையும் புதுப்பிக்கவா என்று கேட்கும். முழுப் பட்டியல் என்று சொன்னால் தலைப்பின் சொற்களும் சேர்ந்து மாறிவிடும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீசிலும் இதே ஏற்பாடு உண்டு. எஃப்11 அழுத்தினால் பாணிகளின் பட்டியல் வரும், இன்செர்ட் பகுதியில் பொருளடக்கம் இருக்கும். நம் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தலைமதகைத் திறந்தால் வாய்க்கால் வழியே தண்ணீர் தானாகக் கடைமடைக்குப் போய்ச் சேர்கிற மாதிரி. நீங்கள் போட்டிருக்கும் விதி, மதகை மூடிவிட்டு ஒவ்வொரு வயலுக்கும் குடத்தில் மொண்டு ஊற்றச் சொல்கிறது.

ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று மாணவர்கள் மூலமாகவும், உங்கள் அலுவலகங்களுக்கு நானே வந்து நின்றபோதும் கேட்டுத் தெரிந்துகொண்ட காரணங்கள் உண்டு. அவற்றை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்கிறது.

தானாக வரும் பொருளடக்கம் சாம்பல் நிறப் பின்னணியோடு வருகிறது, அச்சில் அசிங்கமாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். அந்தச் சாம்பல் நிறம் திரையில் மட்டும்தான். இந்தப் பகுதி தானாகப் புதுப்பிக்கப்படுவது என்று பயனருக்குக் காட்டும் அடையாளம் அது. வேர்டில் அதன்மேல் சொடுக்கினால் தெரியும். லிப்ரே ஆபீசில் எப்போதும் தெரியும், கன்ட்ரோலோடு எஃப்8 அழுத்தினால் மறையும். எந்த அச்சுப்பொறியிலும் அது அச்சாகாது. ஒரு பக்கம் எடுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும்.

தலைப்புகள் நீல நிறமாகிவிடுகின்றன, எழுத்துரு மாறிவிடுகிறது என்பது அடுத்த புகார். உண்மைதான். வேர்டு தன் இயல்பில் தலைப்புப் பாணிக்கு நீல நிறத்தையும் வேறோர் ஆங்கில எழுத்துருவையும் வைத்திருக்கிறது. மாணவர்களில் பலர் இதைப் பார்த்துப் பயந்துதான் பாணியைத் தொடாமல், எழுத்தைத் தடிமனாக்கி, நடுவில் நிறுத்தி, தலைப்பு மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். பார்வைக்குத் தலைப்பு, கணினிக்கு அது வெறும் தடித்த வரி. பாணியின்மேல் வலது சொடுக்கு போட்டு மாடிஃபை கொடுத்து ஒருமுறை கறுப்பாக்கினால் ஆய்வேடு முழுவதும் கறுப்பாகிவிடும்.

தமிழுக்கென்று இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை யாரும் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. வேர்டு தமிழைச் சிக்கலான வரிவடிவங்களின் கூட்டத்தில் வைத்திருக்கிறது. பாணியில் எழுத்தின் அளவை 16 என்று மாற்றினாலும் அது ஆங்கில எழுத்துக்கு மட்டும் போய்ச் சேர்ந்து, தமிழ் எழுத்து பழைய அளவிலேயே நிற்கும். ஃபான்ட் பெட்டியைத் திறந்து காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்ற இடத்தில் எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றையும் தனியாக அமைக்க வேண்டும். லிப்ரே ஆபீசில் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்தமைப்புக்கான பெட்டியில் குறி போட்டால் அதற்குத் தனி இடம் வரும். ஹெடிங் பாணிகளுக்கு மட்டும் செய்தால் போதாது. பொருளடக்கத்தின் வரிகளுக்கு டி.ஓ.சி. 1, டி.ஓ.சி. 2 என்று தனிப் பாணிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் இதேபோல் செய்ய வேண்டும். பொருளடக்கத்தில் எழுத்து ஒரு வரியில் பெரிதாகவும் அடுத்த வரியில் சிறிதாகவும் வருகிறது என்று நீங்கள் திருப்பி அனுப்பிய ஆய்வேடுகளில் நான் பார்த்தவற்றுக்கெல்லாம் காரணம் இதுதான். கணினிப் பொருளடக்கத்தின் குற்றம் இல்லை. யாரும் சொல்லித் தராததன் விளைவு.

ஓர் ஆய்வேட்டில் பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் எரர், புக்மார்க் நாட் டிஃபைன்ட் என்று ஆங்கிலத்தில் அச்சாகி வந்துவிட்டதாம். அதிலிருந்துதான் இந்தத் தடை யோசனையே வந்தது என்று கேள்விப்பட்டேன். தலைப்பை நீக்கிவிட்டோ, இயல்களைத் தனித்தனிக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிவிட்டோ, பட்டியலைப் புதுப்பிக்காமல் அச்சுக்குக் கொடுத்தால் அப்படி வரும். எஃப்9 அழுத்தி முழுப் பட்டியலையும் புதுப்பித்தால் போதும். அச்சிடும் முன் தானாகவே புதுப்பிக்கச் சொல்லும் வசதியும் வேர்டின் ஆப்ஷன்ஸில் டிஸ்ப்ளே பகுதியில் இருக்கிறது. இதையும் யோசித்துப் பாருங்கள்: அந்தப் பிழை கண்ணில் அறைந்த மாதிரி தெரிந்ததால் யாரோ பிடித்தார்கள். கையால் அடித்த பொருளடக்கத்தில் 112க்குப் பதில் 121 என்று இருந்தால் யார் கண்ணில் படும்? நீங்கள் வாங்கி வைத்த ஆய்வேடுகளில் அப்படி எத்தனை கிடக்கின்றன என்று உங்கள் நூலகத்திலேயே எடுத்துப் பார்க்கலாம்.

கட்டத்துக்கு வருகிறேன். உங்கள் மாதிரித் தாளில் இருக்கும் தோற்றமே வேண்டும் என்றால் அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒரு நிறுவனத்தின் ஆய்வேடுகள் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்பது நியாயமான விருப்பம். ஆனால் அந்தத் தோற்றத்துக்கும் கையால் அடிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. தலைப்புப் பாணிகளோடு பல்நிலை எண்வரிசையை இணைத்துவிட்டால் 1, 1.1, 1.1.1 என்று இயல் எண்ணும் சேர்ந்தே பொருளடக்கத்துக்கு வரும். டி.ஓ.சி. பாணிகளில் டேப் நிறுத்தங்களை உங்கள் மாதிரியின் அளவுக்கு வைத்தால் இயல் எண் இடப்பக்கம், தலைப்பு நடுவில், பக்க எண் வலப்பக்க ஓரத்தில் நேராக நிற்கும். புள்ளிக்கோடு வேண்டாம் என்றால் டேப் லீடரில் நன் (None) என்று கொடுத்தால் போய்விடும். மேலே இயல் எண், தலைப்பு, பக்க எண் என்ற மூன்று சொற்களை மட்டும் அடித்துக்கொள்ளலாம்.

இல்லை, கோடு போட்ட கட்டம்தான் கண்டிப்பாக வேண்டுமா? சரி, அதற்கும் வழி இருக்கிறது. கட்டத்தைப் போட்டு, பக்க எண் வர வேண்டிய அறையில் கிராஸ் ரெஃபரன்ஸ் வழியாக அந்தத் தலைப்பின் பக்க எண்ணைச் செருகினால், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தியதும் கட்டத்துக்குள்ளேயே எண்கள் புதுப்பிக்கப்படும். தலைப்பின் சொற்களையும் இதேபோல் செருகலாம். இதைச் செய்து கொடுத்த ஓர் ஆய்வேட்டையும் ஓர் அலுவலகம் திருப்பி அனுப்பியது. எண்மேல் சொடுக்கியதும் சாம்பல் நிறம் வந்ததாம்.

இவ்வளவும் அழகுக்காகத்தானே, இதற்குப் போய் ஒரு மடலா என்று நினைப்பீர்கள். அழகுக்காக நான் பேசவில்லை. தேடுபவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பேசுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளிலிருந்தே ஆய்வேட்டின் மின்படியைத் தர வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. இன்ஃபிளிப்நெட் என்ற நிறுவனம் நடத்தும் சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் அவை ஏறுகின்றன. அங்கே முகப்பு, சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வோர் இயல் என்று தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுகிறார்கள். வேறு ஊரில் இருக்கும் ஒருவர் முதலில் பொருளடக்கக் கோப்பைத் திறந்து, எந்தப் பக்கம் என்று பார்த்து, அது எந்த இயலில் வரும் என்று கணக்குப் போட்டு அந்தக் கோப்பைத் திறக்கிறார். எண் தவறென்றால் அவர் தவறான கோப்பைத் திறந்து, இல்லையென்று நினைத்துப் போய்விடுவார். பைண்டிங் செய்த நூலில் பென்சிலால் திருத்தி வைக்கலாம், அங்கே அதுவும் முடியாது.

பாணி கொடுத்துச் செய்த கோப்பைப் பி.டி.எஃப். ஆக்கும்போது தலைப்புகளிலிருந்து புத்தகக்குறிகளை உருவாக்கச் சொன்னால், பக்கவாட்டில் முழுத் தலைப்புப் பட்டியலும் வந்து நிற்கும். அதில் சொடுக்கினால் அந்த இடத்துக்கே போகலாம். கையால் அடித்த பொருளடக்கம் வெறும் படம் மாதிரி. அதைத் தொட்டால் எங்கேயும் போகாது.

கண்பார்வை இல்லாத ஆய்வாளர்களையும் நினைத்துப் பாருங்கள். திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வருவார், பார்வை இல்லாதவர். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வைத்துத் தன் ஆய்வேட்டைத் தானே படிப்பார். வேர்டில் அந்தத் திரைவாசிப்பானின் உலாவும் நிலையில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 1 அழுத்தினால் அடுத்த இயல், 2 அழுத்தினால் அடுத்த உட்தலைப்பு. ஆனால் தலைப்புப் பாணி கொடுத்த கோப்பில்தான் இது நடக்கும். வெறுமனே தடிமனாக்கிய கோப்பில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கேட்டுக்கொண்டே போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. "அக்கா, மத்தவங்க ஒரு நிமிஷத்துல புரட்டிப் பாக்கிறதை நான் ஒரு சாயங்காலம் பூரா கேக்கணும்" என்றார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. தகவலும் ஆவணமும் அவர்களுக்கும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தன் சொந்த ஆய்வேட்டின் பொருளடக்கத்தில் அவரால் ஓர் எண்ணைக்கூடத் துணையில்லாமல் சரிபார்க்க முடியாத நிலையை உங்கள் விதி உண்டாக்கியிருக்கிறது. அவருக்காக நான் உட்கார்ந்து கையால் அடித்தேன். அடித்துக் கொடுத்ததைச் சரியா என்று பார்க்க அவரால் முடியவில்லை. என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அது சரியில்லை.

எழுத்துரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில்தான் மென்படி வேண்டும் என்று கேட்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடு) தமிழுக்கான தரமாக அறிவித்துவிட்டது. பழைய எழுத்துருவில் அடித்தது உண்மையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது. தலைப்புப் பாணியில் அந்த எழுத்துருவை வைத்துவிட்டுப் பொருளடக்கப் பாணியில் வைக்காவிட்டால், பட்டியல் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வரும். பி.டி.எஃப். பக்கவாட்டுப் பட்டியலிலும் அதே கதி. காவிரி என்று தேடினால் அந்த ஆய்வேட்டில் காவிரியே இல்லை என்று கணினி சொல்லும். காவிரியைப் பற்றி எழுதிய ஆய்வேட்டில்!

ஒருங்குறியிலும் ஒரு கவனம் தேவை. விண்டோஸ் 10 முதல் லதா எழுத்துரு எல்லாக் கணினியிலும் இயல்பாக இருப்பதில்லை. கூடுதலாக நிறுவிக்கொள்ள வேண்டும். மாணவர் வீட்டில் லதாவில் அடித்து எடுத்து வருவார், அது இல்லாத கணினியில் திறந்தால் வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரி நீளும், பக்கம் தள்ளும். தாள் அளவு ஏ4க்குப் பதில் லெட்டர் என்று இருந்தாலும் இப்படித்தான். கையால் அடித்த பக்க எண்கள் அந்த நொடியிலேயே பொய்யாகிவிடும். அதனால்தான் அச்சுக்குக் கொடுக்கும் முன் புதுப்பித்து, பி.டி.எஃப். ஆக்கி, அந்தப் பி.டி.எஃப்.பையே அச்சிட வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்கிறேன். உங்கள் வழிகாட்டுத் தாளில் இந்த ஒரு வரி இல்லை.

முன்பக்கங்களுக்கு ரோமன் எண், இயல் ஒன்றிலிருந்து 1, 2, 3 என்று நீங்கள் கேட்பது முறையானதுதான். செக்‌ஷன் பிரேக் போட்டு, லிங்க் டு பிரீவியசை எடுத்துவிட்டு, இரண்டாம் பகுதியில் 1இலிருந்து தொடங்கச் சொன்னால் பொருளடக்கமும் அதையே பின்பற்றும். இது தெரியாததால் முன்பக்கங்களை ஒரு கோப்பாகவும் ஒவ்வோர் இயலையும் ஒரு கோப்பாகவும் உடைத்து வைத்து அல்லாடுகிறார்கள். அறிவியலில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் கூடத்தான். தட்டச்சு இயந்திரத்தில் நாங்கள் புள்ளி விசையைத் தட்டித் தட்டிப் பக்க எண் வரைக்கும் போவோம். அந்த இயந்திரத்தில் வேறு வழி இல்லை. இன்றைக்கும் கணினியில் உட்கார்ந்து அதே புள்ளிகளைத் தட்டும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். புள்ளிகள் நேராக நிற்காது. அதற்கும் நீங்கள்தான் திருப்பி அனுப்புகிறீர்கள்.

ஒரு நெறியாளர் என்னிடம், ஆய்வுதான் முக்கியம், பொருளடக்கம் எப்படி இருந்தால் என்ன என்றார். உ.வே. சாமிநாதையர் 1880இலிருந்து 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொன்னவர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்ததும் அந்தக் காலத்தில்தான். ஏட்டில் எங்கே எது இருக்கிறது என்று தெரியாமல் தவித்த அவர், தான் பதிப்பித்த நூல்களில் அரும்பத அகராதி முதலியவற்றைச் சேர்த்து, அடுத்து வருபவர் தேடும் சிரமத்தைக் குறைத்தார். அவர் நடந்த ஊரில் இருந்துகொண்டு, தேடுபவருக்கு வழி காட்டும் பக்கத்தை முக்கியமில்லை என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

செலவையும் சொல்ல வேண்டும். உதவித்தொகை வராத மாணவர்கள்தான் இங்கே நிறையப் பேர். அறுவடைப் பணம் வந்ததும் தருகிறேன் என்று கடன் சொல்லி அச்செடுத்துப் போகிறவர்கள் உண்டு. பொருளடக்கத்தில் குறை என்று திருப்பினால், பைண்டிங்கைப் பிரிக்க வேண்டும், அத்தனை படிகளிலும் தாளை மாற்ற வேண்டும், மறுபடி அட்டை போட வேண்டும். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் வேறு. என்ன குறை என்று எழுத்தில் கொடுப்பதும் இல்லை. மாதிரிப்படி இல்லை என்ற ஒற்றைச் சொல்லோடு நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர் திரும்பிப் போகிறார். உண்மையைச் சொன்னால், இந்த விதியால் என் கடைக்கு வருமானம் கூடும். அந்த வருமானம் எனக்கு வேண்டாம்.

உங்களிடம் நான் கேட்பது இவை.

கணினி உருவாக்கிய பொருளடக்கத்தை ஏற்பதில்லை என்ற விதியை, அடுத்த ஒப்படைப்புக் கெடுவுக்கு முன்பே எழுத்து மூலமாகத் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாக இதே விதியைக் கடைப்பிடிக்கும் அலுவலகங்களும் அதை நிறுத்திவிட்டதாகத் தகவல் பலகையில் போடுங்கள்.

உங்களுக்கு வேண்டிய தோற்றத்தை நீங்களே ஒரு வார்ப்புருக் கோப்பாகச் செய்து தாருங்கள். ஒருங்குறித் தமிழில், தலைப்புப் பாணிகளும் பொருளடக்கப் பாணிகளும் சரியாக அமைத்து, ரோமன் எண்ணும் சாதாரண எண்ணும் பிரித்து, வேர்டுக்கு ஒன்றும் லிப்ரே ஆபீசுக்கு ஒன்றும் இருந்தால் போதும். இதைச் செய்ய உங்களிடம் ஆள் இல்லையென்றால் நான் வந்து உட்கார்ந்து செய்து தருகிறேன், கூலி வேண்டாம். பழைய எழுத்துருவில் மென்படி கேட்பதை இத்தோடு விட்டுவிடுங்கள்.

பிஎச்.டி. மாணவர்களுக்கான பாடநெறியில் ஆய்வு முறையியலோடு கணினிப் பயன்பாட்டையும் சேர்க்கலாம் என்று 2009ஆம் ஆண்டு விதிமுறையே இடம் கொடுத்தது. அதில் ஒரு முழு நாளைத் தலைப்புப் பாணி, பொருளடக்கம், பக்க எண், அட்டவணை, படப் பட்டியல் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். சேர்ந்த முதல் ஆண்டிலேயே சொல்லிக் கொடுங்கள். ஒப்படைக்கும் மாதத்தில் சொல்லிப் பயனில்லை. நெறியாளர்களும் சரிபார்க்கும் அலுவலர்களும் அன்றைக்கு வந்து உட்கார வேண்டும்.

சரிபார்க்கும்போது பட்டியலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகளை எடுத்து, அந்தத் தலைப்பு அந்தப் பக்கத்தில் இருக்கிறதா, சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். அது தவறென்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று எழுதிக் கையெழுத்திட்ட தாளோடு அனுப்புங்கள். பைண்டிங்குக்கு முன்பே பி.டி.எஃப்.பாக வாங்கிப் பார்த்துச் சொல்லிவிட்டால் மாணவர்களுக்குப் பாதிச் செலவு மிச்சம்.

பார்வையற்ற ஆய்வாளர்களின் கோப்புகளில் தலைப்புப் பாணி கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதியில் சேருங்கள். நூலகத்துக்கு வரும் எல்லா மென்படிகளுக்கும் அதையே விதியாக்கினால் இன்னும் நல்லது, ஏனென்றால் அவற்றைப் படிக்கப் போவது யார் என்று நமக்குத் தெரியாது.

இந்த விதியின்பேரில் இந்த ஆண்டு திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வேடுகளை, மறுபடி அச்சிடச் சொல்லாமல், இருக்கிறபடியே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக வசூலித்த தாமதக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர்களுடைய ஒப்படைப்புத் தேதியாக முதலில் கொண்டுவந்த நாளையே பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தஞ்சாவூரில் டி.டி.பி. கடை நடத்தும் ஒரு தட்டச்சாளர்